காலும் மூக்கும் கண்டு பெயர் சொல்லுவோம்

(நீர்நிலைப் புட்களை இனம் பிரித்தறிதல் பற்றித் திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மொழிப்பற்றாளர் கூடும் மன்றத்தில் கொக்கையும் உள்ளானையும் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க. பூவின் ஏழு பருவத்திற்கும் ஏழு பெயர் சொல்லக்கூடியவர்கள் இங்கே பலர் இருக்கின்றீர்கள். ஆனால், நாற்று நட்ட வயலில் நிற்கும் நால்வகை வெண்புட்களைக் காட்டிப் பெயர் கேட்டால் நால்வகைக்கும் 'கொக்கு' என்ற ஒரே விடைதான் வரும். அதே கேள்வியை வரப்பில் நிற்கும் உழவரிடம் கேட்டுப் பாருங்கள். "அது உண்ணிக்கொக்கு, மாட்டோடு போகும், இது சின்னக்கொக்கு, மடையிலே குந்தியிருக்கிறதே, அது மடையான்" என்று அவர் பிரித்துச் சொல்வார். தமிழ் நூலில் மட்டும் வாழ்கிறதென்று யார் சொன்னது? வரப்பிலும் உப்பளத்திலும் கழிமுகத்திலும் வாழும் தமிழை நாம் எழுதி வைக்கவில்லை; அவ்வளவே. படக்கருவி தூக்கித் திரியும் நம் இளைஞர்கள் 'எக்ரெட்' என்றும் 'சேண்ட்பைப்பர்' என்றும் 'பிளவர்' என்றும் பேசுகிறார்கள். அவர்களைக் கடிந்து பயனில்லை. அவர்கள் கையில் கிடைத்த நூல் அவ்வாறு சொல்கிறது. ஆகவே இன்று நான் செய்யவிருப்பது, ஒன்றுபோலத் தோன்றும் நீர்நிலைப் புட்களை எவ்வாறு வேறு பிரித்தறிவது என்பதையும், அவ்வேறுபாட்டைத் தமிழ்ப்பெயர் எவ்வாறு தன்னுள்ளே வைத்திருக்கிறது என்பதையும் கூறுவதே.

வெண்கொக்குகளிலிருந்து தொடங்குவோம். புதிதாய்ப் பார்ப்பவர் முதலில் செய்யும் பிழை, உருவத்தின் அளவை நம்புவது. தனியே நிற்கும் பறவையின் அளவு கண்ணை ஏமாற்றும். அருகில் ஒப்பிட வேறொன்று இருந்தாலன்றிப் பெரிது சிறிது என்பது பயன்படாது. எனவே அலகையும் காலையும் பாருங்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, ஆனால் காலின் விரல்கள் மட்டும் மஞ்சள் என்றால் அது சின்னக்கொக்கு. நீரில் நிற்கையில் விரல் தெரியாதே என்பீர்கள். சற்றுப் பொறுத்திருங்கள். அது ஒரு காலை முன்னே நீட்டிச் சேற்றைக் கலக்கி மீனை வெருட்டும். அல்லது எழுந்து பறக்கும். பறக்கும்போது பின்னே நீளும் கரிய கால்களின் முனையில் மஞ்சள் விரல்கள் நன்கு தெரியும்.

அலகு மஞ்சளாய் இருந்தால் மூன்றில் ஒன்று. குறுகிய தடித்த அலகும், தாடை புடைத்த முகமும், குறுங்கழுத்தும் உடையது உண்ணிக்கொக்கு. மாட்டின் காலடியில் எழும் பூச்சிகளைத் தின்பதால் அதனை நீரைவிட மேய்ச்சல் நிலத்திலேயே மிகுதியாகக் காணலாம். கூடு வைக்கும் பருவத்தில் அதன் தலையும் கழுத்தும் முதுகும் செம்மஞ்சள் நிறம் கொள்ளும்; அப்போது ஐயத்திற்கே இடமில்லை. எஞ்சிய இரண்டும்தாம் தொல்லை தருவன: பெரிய கொக்கும், அதனினும் சற்றுச் சிறிய நடுத்தரக் கொக்கும். இரண்டிற்கும் கால் கறுப்பு. இரண்டிற்கும் அலகு மஞ்சள். கூடு வைக்கும் பருவத்தில் இரண்டின் அலகும் கறுத்துவிடும். இங்கே நிறம் உதவாது. வாய்ப்பிளவுக் கோட்டைப் பாருங்கள். பெரிய கொக்கிற்கு அக்கோடு கண்ணைக் கடந்து பின்னே செல்லும். நடுத்தரக் கொக்கிற்குக் கண்ணின் கீழேயே நின்றுவிடும். இருகண் நோக்கி கொண்டு இதனைத் தெளிவாகக் காணலாம். அக்கருவி இல்லாதவர் கழுத்தைக் காண்க: பெரிய கொக்கின் நீண்ட கழுத்தில் ஒடிந்தது போன்ற ஒரு மடிப்பு இருக்கும், மற்றதன் தலை உருண்டு, அலகு குட்டையாக இருக்கும்.

கடற்கரையோரம் ஐந்தாவது ஒன்று உண்டு. அது கரைக்கொக்கு. அதில் கருஞ்சாம்பல் உடலும் வெண்தொண்டையும் உடையனவும் உண்டு. முழு வெள்ளையும் உண்டு. வெள்ளையாய் இருப்பதைச் சின்னக்கொக்கு என்று எழுதிவிடுவோர் மிகப் பலர். அதன் அலகு தடித்து, மஞ்சளோ பழுப்போ கலந்து, சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கும். காலின் மஞ்சள் விரல்களோடு நில்லாமல் மேலேயும் ஏறியிருக்கும். பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் இவ்விரண்டையும் ஒருசேரக் காணலாம். பழவேற்காடு என்ற நல்ல பெயரை அயலார் 'புலிக்காட்' ஆக்கினார்கள், நம்மவரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். இது இடையிலே வந்த செய்தி, விட்டுவிடுவோம்.

மடையானைப் பற்றி ஒரு சொல். நிற்கும்போது அது மண்ணோடு மண்ணாய்ப் பழுப்புக் கோடுகளுடன் குறுகி நிற்கும். அருகில் சென்றாலும் தெரியாது. எழுந்து பறந்தால் சிறகும் வாலும் தூய வெள்ளை! 'இவ்வளவு நேரம் இது எங்கே இருந்தது' என்று வியப்போம். மடைவாயில் காத்து நிற்பது மடையான். அதன் பெயரே அதன் இடத்தைச் சொல்லுகிறது போலும். அதன் காலின் நிறத்தை மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள்: மங்கிய பச்சை.

ஏன் குறிக்கச் சொன்னேன்? குறுந்தொகையில் கபிலர் பாடிய ஒரு பாட்டு உண்டு. தலைவன் தன்னைக் கூடிய அன்று வேறு எவரும் அங்கில்லை, ஒழுகும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி நின்ற குருகு மட்டுமே இருந்தது என்று தலைவி சொல்கிறாள். அக் குருகின் காலுக்குத் தினைத் தண்டை உவமையாக்கி, அதன் சிறுமையையும் பசுமையையும் கபிலர் குறித்தார். உரைகளில் இச்சொல்லுக்கு நாரை என்றும் கொக்கு என்றும் பொருள் எழுதிச் செல்வர். இப்பொழுது நாம் கற்ற பாடத்தை இங்கே வைத்துப் பாருங்கள். சின்னக்கொக்கின் கால் கறுப்பு, அது அன்று. பெரிய கொக்கின் கால் சிறிதுமன்று, பசிதுமன்று. உண்ணிக்கொக்கு ஓடும் நீரில் ஆரலுக்குக் காத்து நிற்பதில்லை. சிறிய பசிய காலோடு நீரோரம் அசையாது நிற்பது மடையானே என்பது என் துணிபு. மண்ணோடு மண்ணாய் மறைந்து நிற்கும் அப் புள்ளைக் களவிற்குச் சான்றாக வைத்த நுட்பமும் அப்போதுதான் விளங்கும். கண்ணால் கண்டு பாடிய புலவனின் பாட்டைக் கண்ணால் காணாத நாம் எவ்வாறு முழுதும் உணர்வோம்? 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' எழுதிய பி. எல். சாமி இவ்வழியில் நமக்கு முன்னே நடந்தவர். அவர் நூலை நம் படிப்பகங்கள் தோறும் வாங்கி வைத்தல் வேண்டும்.

இனி, பறக்கும்போது பிரித்தறியும் ஒரு பெருவேறுபாடு. கொக்கினம் முழுதும் கழுத்தை மடித்து, தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு பறக்கும். நத்தைகுத்தி, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பூநாரை ஆகியவை கழுத்தை முன்னே நீட்டிப் பறக்கும். வானத்தில் எவ்வளவு உயரத்தில் சென்றாலும் இது பொய்க்காது. இங்கே ஒரு சிக்கல். நாம் சாம்பல் நாரை, செந்நாரை என்று வழங்குவனவும் கழுத்தை மடித்தே பறப்பன. அவை கொக்கின் சுற்றம். வழக்கில் ஊன்றிய பெயரை மாற்ற வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெயர் ஒன்றாயினும் இனம் வேறென்பதை அறிந்து வையுங்கள்.

சத்திமுற்றப் புலவர் தூது விட்ட நாரைக்குச் செந்நிறக் காலும் பவள நிறக் கூரிய அலகும் சொல்லப்படுகின்றன. வேடந்தாங்கலில் கூடு வைக்கும் நாரைக்கு அலகு மஞ்சள். நத்தைகுத்தியின் அலகோ மங்கிய நிறம். மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். காலும் அலகும் ஒருங்கே சிவந்தது வடபுலத்திலிருந்து வலசை வரும் வெண்ணாரை. வடக்கே திரும்பும் புள்ளிடம் செய்தி சொல்லி அனுப்பினார் புலவர். பொருத்தமான புள்ளைத்தான் தேர்ந்தார்.

நண்பர்களே, இதுவரை சொன்னது எளிது. துலைத் திங்கள் முதல் மீனத் திங்கள் வரை, அதாவது ஐப்பசி முதல் பங்குனி வரை, கோடியக்கரையின் சேற்றுவெளியில் நின்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் பழுப்பும் சாம்பலுமாய்ச் சிறு பறவைகள். எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். பலர் இங்கே மனம் தளர்ந்து, 'உள்ளான்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு திரும்பிவிடுவர்.

தளர வேண்டா. முதலில் அவை இரை தேடும் முறையைக் காண்க. சிறிது ஓடி, சட்டென நின்று, ஒருமுறை கொத்தி, மீண்டும் ஓடுவது உப்புக்கொத்தி. குட்டை அலகும் பெரிய கண்ணும் உடையது. ஓயாது நடந்து அலகைச் சேற்றில் செலுத்திக்கொண்டே இருப்பது உள்ளான். நம் மக்கள் இட்ட பெயரிலேயே பாதிப் பாடம் அடங்கிவிட்டது.

அடுத்து, கால். செம்மஞ்சள் கலந்த செங்காலோடு நிற்பது பவளக்காலி. பறக்கும்போது சிறகின் பின்விளிம்பு அகலமாய் வெண்மை காட்டும். இதனை ஒத்த மற்றொரு செங்காலிக்கு அவ் வெண்விளிம்பு இல்லை. அலகும் மெலிந்து நீண்டு, கீழலகின் அடியில் மட்டும் சிவந்திருக்கும். பச்சைக்காலிக்குத் தடித்துச் சற்றே மேல்நோக்கிய அலகு. எழும்போது மும்முறை உரக்கக் கூவும். அதனை ஒத்த சிறியதொன்றின் அலகு ஊசிபோல் நேரானது.

ஏரியோரம் தனியே திரியும் இருவகையைப் பிரிப்பதில் பெரியவர்களே தடுமாறுவர். பொரி உள்ளானின் முதுகில் பொரி தூவினாற்போல் புள்ளிகள் நிறைந்திருக்கும். புருவக் கோடு கண்ணைக் கடந்து நெடிது செல்லும். கால் மஞ்சள் சாயல். பறக்கையில் சிறகின் அடிப்புறம் வெளிறியிருக்கும். மற்றதற்கு முதுகு கருமை மிக்கது. புருவக் கோடு கண்ணோடு நின்றுவிடும். எழுந்தால் சிறகின் அடிப்புறம் கறுப்பாகவும், வாலுக்கு மேலுள்ள பகுதி பளிச்சென்ற வெண்மையாகவும் தெரியும். அதனைக் 'கருஞ்சிறகு உள்ளான்' என்றால் ஒரு சொல்லில் அடையாளம் முழுதும் வந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்குப் 'பச்சை' என்று பெயர். அதன் உடலில் பச்சையைத் தேடிக் களைத்தவர் பலர். இங்குதான் நான் வலியுறுத்த விரும்புவது: அயற்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் தமிழாக்கம் ஆகாது. பறவையைப் பார்த்துப் பெயரிடுக. பட்டியலைப் பார்த்துப் பெயரிடாதீர்.

மூக்கன் இரண்டையும் சிறகை விரித்தால் அறியலாம்: கருவால் மூக்கனுக்குச் சிறகில் அகன்ற வெண்பட்டை உண்டு, பட்டைவால் மூக்கனுக்கு இல்லை. வளைந்த பேரலகுடைய கோட்டான் இனத்தில், உச்சந்தலையில் கோடுகளும் குறுகிய அலகும் உடையது சிறியது. கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. அதன் உடன்பிறப்புப் போன்ற மற்றொன்றிற்குக் கால் மஞ்சட்பச்சை. இவற்றையெல்லாம் இங்கே பேசிப் பயனில்லை, களத்தில் காட்டுவேன்.

'இவ்வளவு நுட்பம் எதற்கு, உள்ளான் உள்ளானாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று கேட்பவர்க்கு ஒரு செய்தி. 1987 முதல் ஆசிய நாடுகளில் ஆண்டுதோறும் சுறவத் திங்களை ஒட்டி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 2024-இல் (தி.பி. 2055) உலக அளவிலான அழிவுநிலைச் செம்பட்டியலில் கரைப்பறவைகள் பல, முன்னிருந்த நிலையினின்றும் இடர்மிக்க நிலைக்கு மாற்றப்பட்டன. கோடியக்கரைக்கு வரும் வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் அவற்றுள் அடங்கும். வளைமூக்கு உள்ளான் கொசு உள்ளானோடு கலந்தே மேய்கிறது. கொசு உள்ளானுக்கு அத்தகைய இடர்நிலை குறிக்கப்படவில்லை. இரண்டையும் சேர்த்து 'உள்ளான் ஐயாயிரம்' என்று எழுதினால், அவற்றுள் அருகி வருவது எது, எவ்வளவு அருகியது என்று யாருக்குத் தெரியும்? சாம்பல் உப்புக்கொத்தியும் அவ்வாறே. பொன்னிற உப்புக்கொத்தியோடு அதனை மயக்குவர். பறக்கும்போது அக்குளில் மை பூசினாற்போல் கறுப்புத் தெரிந்தால் அது சாம்பல் உப்புக்கொத்தி, தெரியாவிடில் மற்றது. ஒரு நொடியில் காணும் அடையாளம். அந்த ஒரு நொடிதான் கணக்கை மெய்யாக்குகிறது.

இனி, நான் எதற்காக இம் மன்றத்தில் இவ்வுரையை ஆற்ற ஒப்பினேனோ, அச் செய்திக்கு வருகிறேன்.

நம் கடற்கரை மணலில் ஓடும் உப்புக்கொத்திகளுள் ஒன்று உண்டு. மணல் நிற முதுகு, வெண்வயிறு, பிடரியைச் சுற்றி வெண்பட்டை, மார்பின் இருபுறமும் நடுவில் இணையாத கறைத் திட்டு. பட்டாணி உப்புக்கொத்திக்கு மார்பில் முழுப்பட்டையும் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் உண்டு. இதற்கு அவை இல்லை. வலசை வரும் மணல்நிற உப்புக்கொத்திக்குப் பிடரியில் வெண்பட்டை இல்லை; இதற்கு உண்டு. இதனை நூல்கள் நெடுங்காலமாக இங்கிலாந்தின் கெண்டு என்னும் மாவட்டப் பெயரால் வழங்கிய உப்புக்கொத்தியோடு ஒன்றாகவே கருதி வந்தன. அந்தக் கெண்டு மாவட்டத்தில் அப் புள் கூடு வைப்பது நின்றே பல்லாண்டுகள் ஆயின. பெயர் மட்டும் உலகெங்கும் பறந்தது.

மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்ட 1916-க்கு ஓராண்டு முன்னர், 1915-இல், ஆர்ட்டெர்ட்டும் சாக்சனும் தென்னிந்தியாவிலும் ஈழத்திலும் கூடு வைக்கும் இப் பறவையை ஒரு கிளையினமாகப் பிரித்து, சீபோம் என்னும் ஆங்கிலேயப் பறவை அறிஞரின் பெயரை அதற்கு இட்டனர். அதன்பின் நூறாண்டு எவரும் அதனைப் பெரிதாய்க் கருதவில்லை. 2023-இல் மரபுக் கூறுகளை ஆய்ந்த அறிஞர்கள், இது வேறோர் இனமே, பத்து இலக்கம் ஆண்டுகளுக்கும் முன்னரே பிரிந்துவிட்டது என்று கண்டனர். உருவில் சற்றுச் சிறியது, சிறகும் குட்டை, அலகிற்கும் கண்ணிற்கும் இடையே ஆணுக்கு வழக்கமாக இருக்கும் கருங்கோடு இதற்கு இல்லை, கால் கறுப்பன்று, கருஞ்சாம்பல். வலசை போகாது நம் கரைகளிலேயே வாழ்ந்து இனம் பெருக்குவது. ஈழத்து மன்னார்க் கரையும் நம் தென்கரையும் இதற்கு ஒரே வீடு.

புதிதாய் ஏற்கப்பெற்ற இவ்வினத்திற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'அனுமன்' உப்புக்கொத்தி! இரு கரைக்கும் இடையே அனுமன் பாலம் கட்டினான் என்னும் கதையை வைத்து இட்ட பெயர். அறிஞர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அவர்கள் முட்டையையும் குஞ்சையும் தேடி வெயிலில் அலைந்தார்கள், அளந்தார்கள், பெயரிட்டார்கள். ஆனால் இருபுறமும் தமிழர் வலை உலர்த்தும் கரையில் ஓடும் ஒரு புள்ளை, வடவர் காதையின் குரங்குப் பெயரால் தமிழிலும் அழைக்கத்தான் வேண்டுமா? அப்பெயரை அப்படியே தமிழில் பெயர்த்து எழுதும் நாள் தொலைவில் இல்லை. அதற்கு முன் நாம் ஒரு பெயரை வழக்கில் ஊன்றிவிட வேண்டும். 'வெண்முகம்' என்று வைக்கலாமே என்றார் ஒரு நண்பர். கீழ்த்திசை நாடுகளில் அப்பொருள்படும் பெயருடைய வேறோர் உப்புக்கொத்தி இருப்பதால் அது மயக்கம் தரும். 'மன்னார் உப்புக்கொத்தி' எனலாம் என்பது என் கருத்து. அதுவும் முடிவன்று. கரையில் வாழும் பரதவரும் உப்பளத் தொழிலாளரும் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தால், நம் ஆக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு அதையே கொள்வோம். க. இரத்தினம் 'தமிழில் பறவைப் பெயர்கள்' தொகுத்த வழி அதுவே: மக்கள் வழங்கும் பெயரைத் தேடித் திரட்டுதல்.

இதனைக் களத்தில் தேறுவது எப்படி? பனிக்காலத்தில் வடபுலத்து உறவினமும் இங்கே வந்து கலந்திருக்கும். அப்போது ஆணின் முகத்தையும் காலின் நிறத்தையும் பார்த்தே துணிய வேண்டும். பெண்ணைத் துணிவது கடினம். துணிய இயலாதபோது 'துணிய இயலவில்லை' என்றே எழுதுக. கோடையில், வலசைப் புட்களெல்லாம் போன பின்னர், வெண்பிடரியோடு குஞ்சுகளை நடத்திச் செல்வதைக் கண்டால் அது நம்முடையதே. வெறுமணலில் ஒரு சிறு குழிதான் அதன் கூடு. முட்டை மணலின் நிறம். மிதித்தால்தான் தெரியும். எனவே அப் பருவத்தில் கூட்டமாய்ச் செல்லாதீர். ஊர்தியை மணலில் இறக்காதீர். நாயை உடன் அழைத்துச் செல்லாதீர்.

வருகின்ற சுறவத் திங்களின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கோடியக்கரைக்குச் செல்ல ஏற்பாடு செய்திருக்கிறோம். இருகண் நோக்கி மூன்றுதான் உண்டு. மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு குறிப்பேடு கொண்டு வருக. அதில் ஒவ்வொரு பறவைக்கும் அலகு, கால், சிறகின் அடிப்புறம், குரல் என்று எழுதி, பக்கத்திலே உப்பளத்துப் பெரியவர்கள் அதற்குச் சொல்லும் பெயரையும் அவர்கள் ஒலிக்கும் வண்ணமே எழுதுக. திருத்தி எழுத வேண்டா. அப் பெயர்கள் இவ்விதழில் வெளிவரும். பேருந்து விடியலில் நான்கு மணிக்கு இம் மன்றத்து வாயிலிலிருந்து புறப்படும். வெள்ளாடை அணிந்து வர வேண்டா. பறவைகள் தொலைவிலேயே எழுந்துவிடும்.